கொம்பு பின்னால்

2010 வாக்கில் சிதம்பரத்தில் பத்திரிகை அடிக்கிற ஒரு கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமகாரியம், எல்லாம் நான்தான் அடிப்பேன். பத்தாவது தேறவில்லை. டைப் தெரியும். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். என்னை அங்கே வைத்திருந்ததே அதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆள் ரிப்பேர் பார்ப்பார். முதலாளி சொன்னார், பெட்டியைக் கொண்டுபோனேன். அந்த ஆள் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதுசு ஏற்றினார். திரை பளபளவென்று வந்தது. நான் அடிக்கிற தமிழைத்தான் காணோம்.

"தமிழ் எங்கங்க?"

"பழைய சாப்ட்வேர் இதுல ஓடாதுக்கா. வேற போட்டிருக்கேன். எழுத்தெல்லாம் அதே எடந்தான். கொம்பு மட்டும் பின்னாடி அடிக்கணும்."

"பின்னாடின்னா?"

"மொதல்ல எழுத்து. அப்புறம் கொம்பு. அதுவே முன்னாடி போயி குந்திக்கும்."

"பழசையே போட்டுக் குடுங்க."

"பழசெல்லாம் இனிமே யாரும் தொட மாட்டாங்கக்கா. ரெண்டு நாள்ல கைக்கு வந்துடும்."

சிரித்தார்.

பஸ்ஸில் பெட்டி மடியில் இருந்தது. குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிகள் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குப் பொத்தக் கை இல்லை. ரெண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தது.

டைப் அடித்தவர்களுக்குத் தெரியும். ஒத்தைக் கொம்போ ரெட்டைக் கொம்போ, 'கை'யில் வருகிற சங்கிலிக் கொம்போ, அதுதான் முதலில். கொம்பு போட்டுவிட்டு எழுத்து. கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி. என் விரல் அப்படித்தான் பழகியிருந்தது. புதுசில் அப்படி அடித்தால் கொம்பு போய் முன்னால் இருக்கிற எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க எழுத்து இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு வட்டம் விழும். அம்மைக் கொப்புளம் மாதிரி. பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

பழைய பத்திரிகை எதையும் அதில் திறக்க முடியவில்லை. திறந்தால் எழுத்துக்குப் பதிலாக ஏதேதோ குறிகள் பூச்சி பூச்சியாக ஊர்ந்தன.

அரை மணியில் முடிகிற வேலை மத்தியானம்வரை இழுத்தது. முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சொன்னார்.

"மாசக் கடைசிவரைக்கும் பாப்பேம்மா. கை வரலன்னா வேற ஆளுதான் போடணும். தப்பா நெனச்சுக்காத."

"சரிண்ணே" என்றேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

அந்த வாரமே சேத்தியாத்தோப்பிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். பெரியவருக்குப் பெண்டாட்டி தவறியிருந்தாள். கூட வந்தவன் அவளுடைய தம்பி. காரியப் பத்திரிகை அன்றைக்கே வேண்டும், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கணும் என்றார்கள். அடித்தேன். வட்டம் எங்கேயும் விழவில்லை. நிம்மதியாக ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன்.

பெரியவர் தாளைத் தம்பியிடம் நீட்டினார். "படி மச்சான்."

அவன் படித்தான். நிறுத்தினான். மறுபடியும் படித்தான்.

"மாமா, எங்கக்காவ மைனா ஆக்கிட்டாங்க."

"என்னாடா?"

"'அன்பு மைனவி'ன்னு போட்டிருக்கு. கீழ பாருங்க, காரியம் 'நைடெபறும்'. ஏம்மா, காரியத்த யாராவது நைட்ல வப்பாங்களா?"

மனைவி. நடைபெறும். ரெண்டிலும் சங்கிலிக் கொம்பு நடுவில் வருகிறது. முன்னால் இருந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிடிக்க எழுத்து இருந்ததால் வட்டம் விழவில்லை. என் கண் வட்டத்தையே தேடிக்கொண்டிருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "அவள ஒழுங்கா போடும்மா" என்றார்.

முதலாளி எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு பிடரியில் பட்டது.

பார்க்காமல் அடிப்பதை அங்கேயே விட்டேன். குனிந்து கீபோர்டைப் பார்த்து, ஒத்தை விரலால், புதுசாகக் கற்கிறவள் மாதிரி அடித்தேன். ன. அப்புறம் கொம்பு. ட. அப்புறம் கொம்பு. ப. அப்புறம் கொம்பு. வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. தம்பிக்காரன் ரெண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினான். பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாசக் கடைசி வந்தது. முதலாளி சம்பளத்தைக் கொடுத்தார். வேற ஆள் பேச்சு எடுக்கவில்லை. அதற்குள் வேகம் வந்துவிட்டது. விரல் எழுத்தை அடித்துவிட்டுத் தானாகக் கொம்புக்குப் போனது.

அப்புறம் ஒருநாள் கடைக்கு லீவு. ஷட்டரில் மாட்ட அட்டையில் எழுதச் சொன்னார் முதலாளி. பேனா எடுத்து 'இன்று விடுமு' வரை எழுதினேன். அடுத்து 'ற' போட்டேன். போட்ட பிறகுதான் கொம்பு ஞாபகம் வந்தது. முன்னால் இடம் இல்லை. இடுக்கில் திணித்தேன். நசுங்கிக் கிடந்தது.

"என்னாம்மா இது, றைக்கு எடம் உடலையா?" என்றார் முதலாளி.

கையால் எழுதுகிறதும் போச்சு என்று நினைத்தேன். சீ என்று வந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேற அட்டை கேட்டேன்.