பத்துப் படி மரக்கால்

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: டீச்சரம்மா. பெரிய வாத்தியார். என் பெண்டாட்டி. என் மகள். நான்.

மற்றப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். நான் மண்டியிலிருந்து நேராகப் போயிருந்தேன். தலையெல்லாம் தூசி. திண்டிவனத்தில் ஒரு தானிய மண்டியில் எனக்கு அளக்கிற வேலை. நெல், கேப்பை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற உடைத்த வேர்க்கடலை எல்லாம் படியாலும் மரக்காலாலும் அளந்து கொட்டுவேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

மகளும் இரண்டாம் வகுப்புதான். இரண்டாவது வருஷமாக.

டீச்சரம்மா சிலேட்டைக் காட்டினார். நூற்றைந்து எழுதச் சொன்னதற்கு 1005 என்று எழுதியிருந்தாள். முதலில் நூறு, பக்கத்தில் ஐந்து. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வெளியே சொல்லவில்லை.

"இன்னும் ஒரு மாசத்துல பரீட்சை," என்றார் பெரிய வாத்தியார். "நூறுக்கு மேல எழுத வரலைன்னா அடுத்த வருஷமும் இங்கதான்."

திரும்பி வரும்போது பெண்டாட்டி சொன்னாள்.

"மூணாவது வருசமும் அதே எடத்துல குந்த வெக்கிறதுக்கு, விழுப்புரத்துல எங்க அக்கா கிட்ட உட்டா அவ கொழந்தைய ஆட்டிக்கினு இருக்கும். அவளும் கேட்டுக்கினேதான் இருக்கா."

"பாக்கலாம்."

"இன்னாத்த பாக்கிறது? தேறலைன்னா ரயில் ஏத்திடுவேன்."

மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். காது எங்கள் பக்கம் இருந்தது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அவளை வாசலில் உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்தது அளப்பது. அதை வைத்தே ஆரம்பித்தேன். இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு கூடை மல்லாட்டை.

"வலது பக்கம் ஒண்ணு போட்டா ஒரு படி. மரக்கால் ரொம்பிடுச்சின்னா அதைக் கவுத்துடு. எடது பக்கம் ஒண்ணே ஒண்ணு போடு. கவுத்ததெல்லாம் அந்த ஒண்ணுல அடக்கம்."

"அப்போ இந்த ஒண்ணும் அந்த ஒண்ணும் வேற வேறயா நைனா?"

"மல்லாட்டை ஒண்ணுதான். எடம் வேற."

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேகமாகப் போட ஆரம்பித்தாள். கவிழ்த்ததில் சிலது அவள் வாய்க்குப் போயிற்று. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நாலு நாளில் கை பழகிவிட்டது. எனக்கு மனசு நிறைந்திருந்தது. நான் கொட்டாங்கச்சியைத்தான் பார்த்தேன். சிலேட்டில் எழுதச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் டீச்சரம்மா மறுபடி ஆள் அனுப்பினார்.

மேசைமேல் பன்னிரண்டு வேப்பங்கொட்டை. சிலேட்டில் 14. அதற்கு முன்னால் பத்து வைத்தாராம். 12 என்று எழுதினாளாம்.

"முன்னே இதெல்லாம் சரியா எழுதிக்கிட்டிருந்தா. நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

நான் மகளைப் பார்த்தேன். டீச்சரம்மா அவளை வாய்விட்டு எண்ணச் சொன்னார்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு…"

மண்டியில் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்றுதான் சொல்வோம். டீச்சரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். எட்டு வந்ததும் மகள் எட்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, இடது பக்கம் ஒன்றை வைத்தாள்.

"ஒரு மரக்கால். மீதி நாலு."

"ஒரு மரக்காலுக்கு எத்தனை படிங்க?" என்று டீச்சரம்மா என்னைக் கேட்டார்.

"எட்டுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

டீச்சரம்மா திட்டவில்லை. "இடம் மாத்தறது இவளுக்குப் புரிஞ்சிடுச்சு. ரெண்டு வருஷமா என்னால முடியல. எட்டுல மாத்தறா, பத்துல மாத்தணும். அவ்வளவுதான்." அவள் பக்கம் திரும்பினார். "இனிமே பத்துப் படி சேர்ந்தாத்தான் ஒரு மரக்கால். என்ன?"

மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பத்து ஊத்துனா வழிஞ்சிடும் டீச்சர்."

பத்து நாள் போராடினோம். வாய் பத்து என்று சொல்லும், அவள் கை எட்டில் கவிழ்த்துவிடும். ஒரு தரம் நானே எட்டில் கவிழ்த்தேன். பெண்டாட்டி முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பனுக்கே வர்ல. பொண்ணுக்கு எங்க வரும்? டிக்கெட் எடுத்துடவா?"

அவள் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தாள். புதுத் துடைப்பம். கட்டை அவிழ்த்துக் குச்சிகளைத் தரையில் கொட்டினாள்.

"மரக்கால்னா இதுங்க ரெண்டுக்கும் எட்டுதான். அந்தப் பேச்சே வாணாம். ஏய், ரெண்டு கையையும் விரி. வெரலுக்கு ஒரு குச்சி. வெச்சியா? இப்போ கட்டு. இதான் ஒரு கட்டு."

வாழைநாரால் கட்டினாள். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டினாள்.

"தொடப்பம் போச்சு. தேறலைன்னா அப்பனும் பொண்ணும் கையால பெருக்குங்க."

ரயில் ஏற்றுவேன் என்றவள் எதற்கு இதைச் செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

தரையில் மூன்று கட்டம் கிழித்தேன். நூற்றைந்து வைக்கச் சொன்னேன். ஒரு பெரிய கட்டு, ஐந்து உதிரிக் குச்சி. நடுக் கட்டம் சும்மா கிடந்தது.

"நடுவுல ஒண்ணுமே இல்லியே நைனா. இந்த அஞ்சைத் தள்ளிக் கிட்ட வெச்சா இன்னா?"

"மண்டியில ஒருத்தன் வர்லைன்னா அவன் எடத்துல வேற எவனும் குந்த மாட்டான். காலியாத்தான் கெடக்கும். காலின்னு எழுது."

அவள் நடுக் கட்டத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

பரீட்சை அன்று நான் மண்டியில் இருந்தேன். இரண்டு தரம் எண்ணிக்கை விட்டுப்போய் அளந்ததையே மறுபடி அளந்தேன். மண்டிக்காரர் முறைத்தார். பொழுது சாயும்போது பெண்டாட்டியும் மகளும் வந்தார்கள். பெண்டாட்டி அதற்கு முன் மண்டிக்கு வந்ததே இல்லை. மகள் சிலேட்டை மார்போடு வைத்திருந்தாள்.

"டீச்சரம்மா அழிக்காம எடுத்துக்கினு போய்க் காட்டச் சொன்னாங்களாம்," என்றாள் பெண்டாட்டி.

"பெரிய சார் புளியங்கொட்டை கொட்டுனாரு. எண்ணி எழுதுன்னாரு," என்றாள் மகள்.

"எட்டுல மாத்துனியா?"

"அது இங்க, நைனா. அங்க பத்து."

"அப்பறம்?"

"சாரும் எண்ணுனாரு. டீச்சரும் எண்ணுனாங்க. எனக்கு வந்ததுதான் அவங்களுக்கும் வந்துது."

பெண்டாட்டி முந்தானையால் என் தலைத் தூசியைத் தட்டினாள். "அக்காவ வேற ஆளு பாத்துக்கச் சொல்லி ஒரு கார்டு போட்டுடு."

மகள் சிலேட்டைத் திருப்பினாள்.

208.