வாள் மெஷினின் மூடிக்கு மாலை

“செவ்வாய்க்கிழமை. இடது சுட்டுவிரலில் மரச்சிராய். கழுவிப் பிளாஸ்டர் ஒட்டப்பட்டது.” இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் தச்சுப் பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் கடைசியாக உள்ள குறிப்பு இது. விரல் என்னுடையது. சிராயைப் பிடுங்கியதைவிட அதைப் பதிவு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. நானும் மேற்பார்வையாளர் டேவிட்டும் கையொப்பமிட்டோம். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு சிரத்தையாகச் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று டேவிட் என் மணிக்கட்டைப் பார்த்து மிரண்டார். புறப்படும்போது கண்டியில் கோயிலில் கட்டிவிட்ட நூல் அது.

“இது எதற்கு?”

“பாதுகாப்புக்கு.”

“நல்லது. பாதுகாப்புக்காகவே வெட்டிவிடலாம்” என்று கத்தரிக்கோலை எடுத்தார். மரமறுக்கும் சுழல்வாளில் நூலோ கையுறையோ சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடுமாம். தெய்வத்துக்கு இந்த விதியை யாரும் அறிவித்திருக்கவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் என் தம்பி சேகர் கதிரை, மேசை, அலுமாரி செய்து கடைகளுக்குக் கொடுக்கிறான். அவனுடைய வட்டவாளுக்கும் பற்களை மறைக்கும் மூடி ஒன்று உண்டு. மெஷின் வந்திறங்கிய அன்றே அதைக் கழற்றி, பழுதாகிவிடாமல் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டான். ஆயுதபூசைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை எல்லாம் உண்டு. ஆண்டு முழுவதும் அந்தப் பட்டறையில் ஆபத்தே இல்லாமல் இருப்பது அந்த மூடி மட்டும்தான்.

போன விடுமுறையில் அங்கே நின்றபோது, “அத எடுத்து மெஷின்ல மாட்டுடா” என்றேன்.

“மாட்டினா பலகை எங்க போகுதுன்னே தெரியாதுண்ணே. வெள்ளக்காரனோட சேந்து நீங்களும் பயந்தாங்கொள்ளியாயிட்டீங்க.”

“வெரல் போனா?”

“அதான் பத்து இருக்குல்ல!”

தேத்தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி கலா, “நல்லா சிரிங்க. சோத்தப் பெசஞ்சு ஊட்ட நான் வரமாட்டேன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை. மரத்தின் கணுவில் வாள் இடறி, பலகை எகிறி, அவனுடைய சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போன கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். பலகை சற்று உள்ளே வந்திருந்தால் கிழிந்தது சட்டையாக இருந்திருக்காது.

திரும்பி வந்ததும் கடல்கடந்த பாதுகாப்பு அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். இங்கே காலைத் தேநீர் இடைவேளை, அங்கே பின்னேரம். தவறாமல் அழைத்தேன்.

“மூடி மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சுண்ணே!” என்று வாளின் இரைச்சலுக்கு மேலாகக் கத்துவான்.

வாரக்கணக்கில் இந்தப் பதிலைக் கேட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலாவே அழைத்தாள்.

“மாமா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க போன் பண்ற நேரம் மட்டுந்தான் இவரு ஒத்தக் கையால அறுக்கிறாரு. மத்தக் கையில போனு. அண்ணே லைன்ல காத்துக்கிட்டு இருக்காருன்னு மெஷினையும் நிப்பாட்டாம கத்துறாரு. கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாம இருங்களேன்.”

இங்கே இயந்திரம் நின்றால்தான் பேச்சு. அங்கே பேச்சுக்காக இயந்திரம் நிற்பதில்லை. இரண்டு வழக்கங்களையும் அறிந்த நான்தான் ஓடிக்கொண்டிருக்கும் வாளுக்குப் பக்கத்தில் மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது இடைவேளையில் காதடைப்பைக் கழுத்தில் தொங்கவிட்டு, எல்லா வாள்களும் ஓய்ந்த பட்டறையில் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். திரையில் சேகரின் பெயர். விரலை அதன்மேல் வைப்பதில்லை. மூடி மெஷினில் இருக்கிறதா, ஆணியில் இருக்கிறதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.