கேட்டிலிருந்து கழற்றிய கமரா

வீட்டு வாசலில் கமரா மாட்டுவது பெரிய வேலை இல்லை. மாட்டிய கமராவுக்கு சிக்னல் எட்ட வைப்பதுதான் வேலை. வாசலைப் பார்க்கலாம் என்று போனைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதைப் பார்த்து அலுத்துப்போன உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்டியைச் சுற்றிப் பல வீடுகளில் அந்த வட்டத்தை நிறுத்தியிருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். அப்படி ஒரு வீட்டில் நான் காட்டிய கெட்டிக்காரத்தனத்தால் ஒரு மனிதனுடைய வெளிநாட்டுப் பயணம் நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக மனம் வரவில்லை. சிரிக்கக்கூடிய இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு அலுமாரி

என் பிள்ளைகள் மூன்று பேரும் கல்யாணம் முடித்துப் போன பிறகுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். படித்தது எட்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்பவர். பகலில் பல வீடுகளில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள். ஓர் ஆண் அறை அறையாகப் போய் நிற்பது அவர்களுக்கும் சங்கடம், இவருக்கும் சங்கடம். அதனால் அவர் வெளியே ஏணியில், நான் உள்ளே ரவுட்டர் பக்கத்தில். அவர் ஏணியில் கால் வைத்ததும் மாதாவிடம் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, போனில் தெரியும் சிக்னல் கோடுகளை எண்ணிக் கத்துவேன்: “ரெண்டு... ரெண்டு... ஆ, மூணு! அப்படியே நில்லுங்க!”

பிலிமத்தலாவையில் ஒரு கடைக்கார அம்மா வீடு. கமராவுக்கு ஒரு கோடுகூட இல்லை. ரவுட்டரைத் தேடினால் எங்கேயும் காணோம். வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது படுக்கையறையில் இருந்த இரும்பு அலுமாரிக்குள் போனது. பின்பக்கம் ஓட்டை போட்டு, உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். இரும்புக்குள்ளிருந்து சிக்னல் வெளியே வராதும்மா என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்! “நகையே அதுக்குள்ளதான் பத்திரமா இருக்கு. இது மட்டும் என்ன மகாராணியா, வெளிய வச்சு விசிறி விடணுமா?”

பன்னிரண்டு மணிக்கு மறையும் வாசல்

கலகெதரயில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். அவருடைய கமரா நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்யும். பகல் பன்னிரண்டானால் மட்டும் படம் நின்றுவிடும். இரண்டு தரம் போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் தரம் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். அவருடைய மனைவி கறியைச் சூடாக்க மைக்ரோவேவில் வைத்துத் தட்டினார். அது உறும, என் கையிலிருந்த போனில் படம் நின்றது.

அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் வைஃபை குழம்பும். அதை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள் ஐயா, அவ்வளவுதான், என்றேன். அவர் குசினிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவவிட்ட நான் சொல்லேலாது தங்கச்சி. அந்த நேரம் கள்ளன் வந்தா வந்திட்டுப் போகட்டும்.”

வெள்ளிக்கிழமை அவசரம்

இனி திகன. நஸீமா தாத்தாவின் வீடு. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவர் இறந்துவிட்டார், அவர்கள் பேச்சில் மௌத்து. வீட்டிலேயே தையல். ஒரே மகன் கட்டாரில். உம்மா தனியே இருக்கிறாரே என்று அவன்தான் கேட் தூணில் கமரா வைக்கச் சொன்னான். கேட்டில் இருந்தால் பாதையும் தெரியும், எதிர்வீட்டு முற்றமும் தெரியும். எதிர்வீட்டுச் சிங்களவர் சமன் வந்து போனில் எட்டிப் பார்த்தார். நாற்பதை நெருங்கும் மனிதர், ஒரு சின்ன மகள். கொரியா வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். வயது தாண்டினால் எடுக்க மாட்டார்களாம். அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. “எங்க வீடும் தெரியுது, நல்லம் அக்கா. நான் போனா நோனாவும் மகளும் தனிய தானே” என்று, மனைவியைச் சிங்களத்தில் நோனா ஆக்கி, அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் கேட்டில் ஒரே ஒரு கோடுதான். மழை தூறினால் அதுவும் போய்விடும். “திங்கக்கிழமை கேபிள் கொண்டாந்து இழுத்துடுறேன், கேட்லயே இருக்கட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கோயிலில் மாலை சிலுவைப் பாதை. எனக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். திங்கட்கிழமை மறுபடி வருவானேன், போர்டிகோவுக்குக் கீழே மாட்டுங்க, அங்கே நாலு கோடு இருக்கு என்றேன். “கேட் தெரியாதே தங்கச்சி?” என்று நஸீமா தாத்தா கேட்டார். “வீட்டுக்குள்ள வர்றவன் இந்த வாசலாலதானே வரணும்” என்று வாய்கூசாமல் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நஸீமா தாத்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “மாஷா அல்லாஹ், படம் கண்ணாடி மாதிரி ஈக்குது! மகன் பாத்தா மிச்சம் சந்தோஷப்படுவான்.”

நன்றி சொன்ன மகன்

பத்து நாள்கூடப் போகவில்லை. திகனப் பக்கம் கலவரம், முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள். நஸீமா தாத்தா உடுத்த உடுப்போடு தங்கை வீட்டுக்கு ஓடினார். போன் சார்ஜரிலேயே கிடந்தது. கூட்டம் கேட்டுக்கு வெளியே நின்று கல்லெறிந்தது. கமராவில் விழுந்தது கண்ணாடி சிதறியது மட்டும்தான்; எறிந்தவர்களில் ஒரு முகம்கூட இல்லை. அவர்கள் போன பிறகு ஒரே ஒரு ஆள் உடைந்த கதவால் உள்ளே போய், மூன்று தரம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அது சமன். கட்டாரில் இருந்து மகன் அதைப் பார்த்திருக்கிறான். சமன் எதிர்வீட்டுக்குக் குடிவந்தது அவன் வெளிநாடு போன பிறகு, முகம் தெரியாது. உம்மாவையும் பிடிக்க முடியவில்லை. படத்தைச் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்ப, அவர் பொலிஸில் கொடுக்க, தையல் மெஷினும் சமன் வீட்டிலேயே கிடைக்க, அன்று பின்னேரமே ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் மகன் எனக்குப் போன் எடுத்தான். பிடிபட்டது யார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றினேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. அவன் சொன்னது இதுதான்: “ஆன்ட்டி, நீங்க செஞ்ச வேலையாலதான் ஆள் மாட்டினான். மூக்கு முழி எல்லாம் கிளியர்!”

மூன்று தரம்

ஊரடங்கு எடுத்ததும் நஸீமா தாத்தா வீடு திரும்பினார். சமனின் மனைவி அழுதுகொண்டு வந்து நடந்ததைச் சொன்னாராம். நாலு வீடு தள்ளிப் புகை எழுந்ததும், தீ இங்கேயும் வந்துவிடும் என்று சமன் ஓடியிருக்கிறார். முதல் தரம் தையல் மெஷின். இரண்டாம் தரம் ஒரு கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த உடுப்புகள். மூன்றாம் தரம் குர்ஆனையும் காணிப் பத்திரம் இருந்த உறுதிப் பெட்டியையும் துணியில் சுற்றி. எல்லாவற்றையும் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்; பொலிஸில் அதை யாரும் நம்பவில்லை.

நஸீமா தாத்தா அன்றைக்கே பொலிஸுக்குப் போய்ச் சொன்னார். இரண்டு கிழமைக்குப் பிறகு சமனை விட்டார்கள், வழக்கை விடவில்லை. வழக்கு இருக்கும்வரை வெளிநாடு போக வேண்டிய பொலிஸ் ரிப்போர்ட் இல்லை. கொரியாவிலிருந்து கூப்பிட்ட நாளில் அவர் கோர்ட்டு வாசலில் நின்றார். வழக்கு தள்ளுபடியானபோது வயது தாண்டிவிட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் சாமான்களையும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியது. அப்போது எங்கள் வாசலில் கமரா இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. இதெல்லாம் பட்டவள் நான். ஆனாலும் நஸீமா தாத்தா போனில் விஷயத்தைச் சொன்னபோது, “படம் தெளிவாத்தானே இருந்துச்சு தாத்தா” என்று என் வாய் தன்னால் சொன்னது. அவர் சொன்னார்: “தெளிவுதான் தங்கச்சி. அவர் எடுத்துட்டுப் போனது தெரியுது. எங்க கொண்டு போனாரண்டு தெரியல்லயே.”

எதிர்வீட்டுக் கதிரை

கேபிளோடு போனோம். வீட்டுக்காரர் மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்து, கமராவை மறுபடி கேட் தூணில் மாட்டினார். சிக்னலே தேவையில்லாத வேலை, அன்றைக்கே செய்திருக்கலாம். நான் பாதையைக் கடந்து சமன் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கமராவை மாற்றச் சொன்னது நான்தான், மன்னிக்க வேணும் என்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மனைவி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். நான் குடித்து முடித்த பிறகு சொன்னார். “அக்காவோட கோபம் இல்ல. ஆனா இனி யார்ட வீடு பத்தி எரிஞ்சாலும் நான் உள்ளுக்குப் போறதில்ல.”

ஒரு மனிதனுடைய பயணத்தைச் செலவழித்து நான் கற்றுக்கொண்ட தொழில் நுணுக்கம் இவ்வளவுதான்: கமரா எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எத்தனை கோடு என்று எண்ண வேண்டும்.