முறை இருக்கு என்றான்

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மழை இல்லாமல் பருத்தி கருகியது. என்னை மதுரைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எமர்ஜென்சி முடிந்த சமயம். தாவணி போட்டிருந்தேன். கீழவாசல் பக்கம் ஒரு பாய் ரெடிமேட் சட்டை தைத்து விற்றார். அங்கே நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டினேன். பாய் என்னிடம் ஒரு சின்னக் கத்திரியைக் கொடுத்து, "இது உனக்குத்தாம்மா, வேற ஆளு தொடக் கூடாது" என்றார். எனக்கென்று அதற்கு முன்னால் எதுவும் இருந்ததில்லை.

திருமங்கலத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு சைக்கிள் கடை. ஒருத்தன் அங்கேதான் நிற்பான். சட்டை எப்போதும் தேய்த்துப் போட்டிருப்பான். முதலில் பார்த்தான். பிறகு பின்னாலேயே வந்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.

"என்ன அத்த மகளே, பாக்காமப் போற?"

"அண்ணே, வழிய விடுங்கண்ணே."

"அண்ணனா? வாய் அழுகிப் போகும். மாமான்னு சொல்லு."

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள், என் வேலையை நிறுத்துவார்கள். அது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து போய் வந்தேன்.

ஒருநாள் பஸ் படியில் கையை வைத்து மறித்தான். கூடையோடு ஏற நின்ற காய்காரம்மா ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஏய்யா, பொம்பளப் பிள்ளைய எதுக்கு மறிக்கிற? அக்கா தங்கச்சி இல்ல ஒனக்கு?"

"எங்க அத்த மகதான் ஆத்தா. முறை இருக்கு."

அவ்வளவுதான். காய்காரம்மா முகம் மாறிவிட்டது. சிரித்தாள்.

"அப்படியா சங்கதி. அப்ப ஒங்க பாடு."

"இவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

"கோவத்துல அப்படித்தான் சொல்லத் தோணும் தாயி."

கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள, கல்யாணத்துக்குச் சொல்லிவிடு. இப்ப வழிய விடு, வண்டிய எடுக்கணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

எங்கள் பக்கம் அப்படி. முறைக்காரன் கேலி செய்யலாம், கையைப் பிடிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். என்ன சொன்னால் ஊர் ஒதுங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு பயம் விட்டுப் போய்விட்டது அவனுக்கு. ஒரு சாயங்காலம் தாவணியைப் பிடித்து இழுத்தான். ஊக்கு குத்திய இடத்தில் கிழிந்தது. நான் தைத்து மறைப்பதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். அண்ணனிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அண்ணன் என்னோடு வந்தான். சட்டைக்குள் சைக்கிள் செயின் வைத்திருந்தான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நமக்கும் ஓர் ஆள் இருக்கிறான் என்று நினைத்தேன்.

அண்ணன் போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"எந்த ஊருடா நீ?"

அவன் ஊரைச் சொன்னான். யார் வீடு என்று அண்ணன் கேட்டான். அவன் வீட்டைச் சொன்னான். அண்ணன் குலசாமி எது என்று கேட்டான். கேட்கக் கேட்கப் பிடி தளர்ந்தது. கடைசியில் அவன் சட்டைக் காலரை அண்ணனே நீவி விட்டான். இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். வரும்போது அண்ணன் எனக்கு ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி வந்தான்.

"நெசமாவே முறைதான் புள்ள. அவன் அப்பன் நம்ம அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். பய ஒண்ணும் தப்பா நெனைக்கல. கட்டிக்கிறேங்குறான்."

கலரைக் குடிக்கவில்லை. அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள் என்று வீட்டில் முடிவானது. எனக்கு வேண்டாம் என்றேன்.

"ரோட்டுல கூப்பிட்டவன் வீடு தேடி வாரான். இதவிட என்ன மருவாதி வேணும்?" என்றார் அய்யா.

"ஆசைலதான இழுத்திருக்கான்" என்றாள் அம்மா. தாவணி கிழிந்ததைப் பார்த்தவள் அவள்தான்.

வெள்ளிக்கு முன்னால் கத்திரியைப் பாயிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். விட்டார்கள்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அவன் தனியாக இல்லை. அவன் சித்தப்பா இருந்தார், அவன் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் என் பையைப் பிடித்தான்.

"இனி வேலைக்கெல்லாம் போகக் கூடாது. வீட்டுக்குத் திரும்பு. மாமன் சொல்றேன்ல?"

குனிந்து செருப்பைக் கழற்றினேன். வார் அறுந்து ஊக்கு குத்தின ரப்பர் செருப்பு. கன்னத்தில் அடித்தேன். திருப்பியும் அடித்தேன். ரப்பர் அடி வலிக்காது. ஆனால் சொந்த ஊர்க்காரர்கள் பார்க்க ஒருத்தியிடம் செருப்படி வாங்கியவன் அவளைக் கட்ட மாட்டான். அவன் வீட்டார் எங்கள் படியை மிதிக்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் அடித்தேன். கோபத்தில் இல்லை.

காய்காரம்மாவும் அங்கே இருந்தாள். "கட்டிக்கப் போறவனப் போயி செருப்பால அடிக்கிறாளே, இவ வெளங்குவாளா?" என்றாள். அவன் இத்தனை நாள் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பஸ் ஏறினேன். அன்றைக்கும் காஜா எடுத்தேன். கத்திரியைக் கொடுக்கவில்லை.

வீட்டில் அண்ணன் அடித்தான். அய்யா அந்த ஊருக்குப் போய், பத்துப் பேர் முன்னால், அவன் அப்பன் காலில் விழுந்து வந்தார். வந்து என்னோடு பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. செருப்பால் அடித்தவள் என்று பெயர் எனக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போயிருந்தது. வேலையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. எவன் வீட்டுக்கும் போகாதவள் அதையாவது செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதே பஸ் ஸ்டாண்டில்தான் வருசக்கணக்காகப் பஸ் மாறினேன். அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பாய் கடையில் காஜா எடுக்க மிசின் வந்த வருசம். பஸ்ஸில் கூட்டம். அவன் தன் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினான். பள்ளிக்கூடச் சட்டை, ரெட்டைச் சடை. பின்னால் பையன்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவன் சுற்றிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பிள்ளையை என் பக்கம் தள்ளினான்.

"போ. அந்த அத்த பக்கத்துல போயி உக்காரு."

அப்பனோடு பிறந்தவளைத்தான் பிள்ளை அத்தை என்று கூப்பிடும். அண்ணே அண்ணே என்று நான் கெஞ்சினபோது அந்த முறை அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நகர்ந்து இடம் கொடுத்தேன். அதன் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பக்கம் திரும்பவில்லை.