பன்னிரண்டாவது ஆள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். பஸ்ஸில் எத்தனை தலை, மலைப் பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று யாரும் கேட்காமலே சொல்வேன். தப்பு வந்ததே இல்லை. அந்த மிதப்பும் எனக்கு நிறையவே உண்டு.

எழுபதுகளின் கடைசியில் அப்பா ஒடுகத்தூரில் டிரில் மாஸ்டராக இருந்தார். அம்மாவின் பிறந்த வீடு ஜவ்வாது மலைமேல். அதனால் பொங்கலுக்கு மலையூர்க்காரர்களும் ஒடுகத்தூர்க்காரர்களும் ஆடும் கால்பந்துக்கு, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே ரெஃப்ரி அவர்தான். சம்பளம் ஒரு பக்கம், சம்பந்தம் ஒரு பக்கம். ஏதோ புளிய மரத் தகராறில் அப்பாவும் மாமாவும் முகம் பார்க்காமல் இருந்து, இரண்டு வருடம் கழித்து அந்தப் பொங்கலுக்குத்தான் அம்மா மலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"விசில் ஊதறதுன்னா பாத்து ஊதுங்க. மறுபடியும் எனக்கு அம்மா வூடு இல்லாம பண்ணிடாதீங்க."

நான் சாக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிக் கொடுத்த கான்வாஸ் ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தார் அப்பா.

மலையூர் அணிக்கு மாமாதான் கேப்டன். ஆளுக்கு ஒரு கோல் ஆகியிருந்தபோது அவர்கள் ஆள் ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. மாமா அப்பாவிடம் சொல்லி, அவனை வெளியே உட்காரவைத்து வேறொருவனை இறக்கினார். அதுவரை எல்லாம் சட்டப்படிதான். ஆனால் மலையில் சாமை அறுக்கும்போது களைத்தவன் நிழலில் உட்காருவான், களைப்பு தீர்ந்ததும் யாரையும் கேட்காமல் வந்து வரிசையில் சேர்ந்துகொள்வான். கால் சரியானதும் இவனும் அப்படியே எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். அவர்கள் அணியில் எல்லோரும் வெள்ளை பனியன் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது மாமா கோல் அடித்தார்.

ஊரே கூத்தாடியது. நான் எண்ணினேன். பன்னிரண்டு பேர். மறுபடி எண்ணினேன், பன்னிரண்டேதான்.

சட்டம் எனக்கு மனப்பாடம், அப்பா வீட்டில் உரக்கப் படிப்பார். நடுக்கோட்டில் பந்தை மறுபடி உதைப்பதற்குள் ஆள் கூடுதல் என்று தெரிந்தால் கோல் செல்லாது. உதைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பந்தை நடுவில் வைத்துவிட்டார்கள். விசிலை வாயில் வைத்த அப்பா அதை எடுத்துவிட்டு, அவ்வளவு பெரிய மைதானத்தில் நான் நின்ற ஓரமாக வந்து, குனிந்து ஷூ நாடாவை முடிந்தார். முடிந்துகொண்டே இருந்தார். நல்ல வேளை, நாடா அவிழ்ந்தது என்று நினைத்தேன்.

"அப்பா, அவங்க பன்னெண்டு பேரு இருக்காங்க" என்றேன், மாமாவுக்கும் கேட்கும்படி.

அப்பா நிமிர்ந்து உரக்க எண்ணினார். கோல் செல்லாது என்றார். திரும்பி வந்தவன் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு அவனை வெளியே அனுப்பினார். ஆட்டம் சமனில் முடிந்தது.

மாமா விறுவிறுவென்று வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இன்னா பண்றது மச்சான்? உங்க மருமவ எண்ணிட்டா" என்றார் அப்பா.

மாமா என்னை முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிலைக்கவில்லை, சிரித்துவிட்டார். என் காதைத் திருகி, தோளில் தூக்கிக்கொண்டார். அன்று மாமா வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கறியில் நல்ல துண்டெல்லாம் என் இலைக்குத்தான் வந்தது.

ரெஃப்ரியே கோட்டை விட்டதை நான் கண்டுபிடித்தேன் என்று பல வருடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருமுறைகூட மறுத்ததில்லை. எதையும் எண்ணத் தெரிந்த எனக்கு, வாராவாரம் நானே சாக்கட்டி தேய்த்த அந்த ஷூவுக்கு நாடாவே கிடையாது என்பது மட்டும் அன்றைக்கு உறைக்கவில்லை.