இருபத்தாறு பொத்தான்கள்

2014-இல் தமிழ்மொழி நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சின்ன நிறுவனத்தில் இணையதளங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான வடக்குத்தில் புதிதாகத் திறந்த தனியார் மருத்துவமனைக்கு நாலே பொத்தான்கள் வைத்துக் காட்டினாள்: அவசர எண், டாக்டர்கள், நேரம், வரும் வழி. உரிமையாளர் சிங்காரவேலுக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. நிறுவனர் வரலாறு, விருதுகள், விழாப் படங்கள் என்று இருபத்தாறு கேட்டார்.

"வர்றவங்க வழி தெரியாம சுத்துவாங்க சார்," என்றாள் தமிழ்மொழி.

"அவரு கேக்குறதக் குடும்மா. நமக்கு ஏன் வம்பு?" என்றார் அவளுடைய முதலாளி ராஜேந்திரன்.

கொடுத்தாள். அவசர எண் பதினேழாவதாகப் போனது.

தளத்துக்கு வருபவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அவள் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். திங்கட்கிழமை மதியம், நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்த வெடியில் ஜன்னல் அதிர்ந்த நேரத்தில், குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு புள்ளி வந்தது. விருதுகள், படங்கள், வரலாறு, மறுபடியும் விருதுகள். நாற்பது நிமிடம் அலைந்து, நிறுவனர் வரலாற்றில் நின்றுவிட்டது. சாயங்காலம் அவள் கிளம்பும்போதும் அங்கேயே இருந்தது.

செவ்வாயன்று அதே நேரத்தில் அதே புள்ளி. புதனும் வந்தது. அதே பக்கங்கள், அதே வரிசை, ஒன்றுகூட மாறவில்லை. யாரோ எதையோ தேடிக் கிடைக்காமல் அலைகிறார் என்று தமிழ்மொழிக்குப் பட்டது. அன்று மாலை யாரையும் கேட்காமல் இருபத்திரண்டு பொத்தான்களை எடுத்துவிட்டாள்.

வியாழனன்று புள்ளி வந்து வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு அவசர எண்ணைத் தொட்டு மறைந்தது. அவள் உடனே மருத்துவமனை வரவேற்பிலிருந்த பிரபாவதிக்குப் போன் செய்தாள்.

"ஆமாக்கா, கண்ணையன்னு ஒருத்தர் பேசினாரு. நெஞ்சுவலின்னாரு. யாருக்குன்னு கேட்டா, 'எம் பொஞ்சாதிக்கு, திங்கக்கிழமை'ங்கறாரு. இப்ப எப்படி இருக்காங்கன்னேன். 'அவ இப்ப இல்லீங்க, அன்னிக்கே போய்ட்டா. நம்பர் எங்க இருந்துச்சின்னு தெனம் தேடிகினு இருந்தேன். எதிரவேதான் இருக்குது, எங்கண்ணுலதான் படல'ன்னுட்டு வெச்சிட்டாரு."

கண்ணையனின் எண்ணை வாங்கி, தமிழ்மொழி அவரையே அழைத்தாள்.

"ஐயா, திங்கக்கிழமை அது எதிர்ல இல்லீங்க. இருபத்தாறுக்கு நடுவுல கெடந்துச்சு. நேத்துதான் நான் மேல வெச்சேன். உங்க மேல தப்பில்லீங்க."



"அப்ப நான் சரியாத்தான் தேடியிருக்கேன்," என்றார். போன் அடங்கியது.

மறுநாள் காலை, நிறுவனர் வரலாறு எங்கே என்று கேட்டுக்கொண்டு சிங்காரவேல் நேரில் வந்தார். கண்ணையன் பேசியதை அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். ராஜேந்திரன் தலையைத் தூக்கவில்லை. சிங்காரவேல், "நாலே இருக்கட்டும்மா," என்று எழுந்து போனார்.

அன்று மதியமும் புள்ளி வந்தது. எதையும் தொடாமல் அரைமணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.