குழைத்த சோறு

சிறப்புக் கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு நான் சேர்ந்தது ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. நாங்கள் குடியிருந்த ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து ரயிலில் போய்வரலாம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இருக்கவில்லை. அம்மாதான் கலங்கினார்.

“வேதக்காரற்றை பள்ளிக்கூடமோ பிள்ளை? உன்னை மாத்திப்போடமாட்டினமோ?”

“சாப்பிட முதல் ஒரு பாட்டுப் படிப்பினம் அம்மா. அவ்வளவுதான்.”

உண்மையும் அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் எழுந்து நின்று நன்றிப் பாட்டுப் பாடுவார்கள். நானும் வாயசைப்பேன். யாரும் என்னிடம் மதம் பேசவில்லை. என்னைக் கலக்கியது வேறொரு வகுப்பு.

அன்று எங்களை இருவர் இருவராக உட்காரவைத்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர் கரண்டியால் தயிர் ஊட்டவேண்டும். தானாகச் சாப்பிட முடியாதவரின் மனம் எப்படியிருக்கும் என்று நாங்கள் அறியவேண்டுமாம். முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, கரண்டி எப்போது வரும் என்றே தெரியவில்லை என்றார்கள். என் முறை வந்தபோது கண்கட்டு நனைந்திருந்தது.

“எனக்குச் சுகமாக இருந்தது. அம்மா ஊட்டியதுபோல” என்றேன்.

ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, “வாயைத் திறப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருந்ததா?” என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வீடுவரைக்கும் அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு வந்தேன். காரணம் அண்ணா; அவரும் வாயைத் திறக்க மட்டுமே பழகியவர்.

அண்ணாவுக்கு முப்பது கடந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். அப்பா இறந்தபின் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அண்ணாவுக்கு அம்மா குழைத்துத் தீத்தினால்தான் சாப்பாடு இறங்கும். ஊட்டுவதை எங்கள் வீட்டில் தீத்துவது என்போம். பகலில் அவர் போகும் பராமரிப்பு மையத்தில் பாலை மட்டும் குடித்துவிட்டு, பின்னேரம் அம்மாவின் கையைத் தேடி வருவார். நான் தீத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அம்மாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. சத்திரசிகிச்சைக்கு அழைத்தபோதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டார். “நான் அங்கை கிடந்தால் இவனுக்கு ஆர் தீத்துறது?” கடைசியில் படியே ஏறமுடியாமல் போனபோதுதான் சம்மதித்தார். ஆஸ்பத்திரியும் அதன்பின் நடை பழக்கும் இடமுமாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அண்ணா வீட்டில் சாப்பிடாவிட்டால் அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடவேண்டும் என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள். அம்மா பயந்தது அதற்குத்தான்.

“சாப்பிடேல்லையெண்டால் உடனை சொல்லு. நான் வாறன்.”

இடுப்பை வெட்டித் தைத்தவர் எப்படி வருவார் என்று நான் கேட்கவில்லை. வந்தாலும் வந்துவிடுவார்.

முதல் நாள் நான் நீட்டிய கவளத்துக்கு அண்ணா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இரவும் அப்படியே. மறுநாள் எங்கள் இருவருக்கும் விடுமுறை. மதியம் ஆசிரியை அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: உதவக் கை துடித்தால் கையின்மேல் உட்காருங்கள். சோற்றையும் பருப்பையும் மீன்குழம்பையும் தட்டில் போட்டு அண்ணாவின் முன்னே வைத்தேன். எதிரே, என் இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்தேன்.

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா சோற்றோடு வரும் குசினிக் கதவைப் பார்த்தார். குழம்பு ஆறி ஆடை கட்டியது. ஆசிரியைமீதும், அம்மாமீதும், பசியோடு இருந்த அண்ணாமீதும் எரிச்சல் வந்தது. பசிக்கிற பிள்ளையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்ன படிப்பு என்று எழும்பப் போனேன்.

அப்போது அண்ணா தட்டில் கை வைத்தார்.

சோற்றை மெல்லப் பிசைந்தார். மீனை விரல்களால் தடவித் தடவி ஒரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார். அம்மா எப்போதும் செய்வது அது. கவளத்தை உருட்டி என் வாயருகே நீட்டினார்.

“ஆ” என்றார்.

ஆறிப்போன சோறுதான். அழுதுகொண்டே விழுங்கினேன். இரண்டாவதும் எனக்குத்தான். மூன்றாவதை அவர் தன் வாயில் போட்டார்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அண்ணா சாப்பிட்டார்.”

“ஆர் தீத்தினது?”

“ஒருத்தரும் இல்லை. அவரே குழைச்சுச் சாப்பிட்டார்.”

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, “அப்ப நான் இனி என்னத்துக்கு?” என்றார்.

சில வாரம் கழித்து அம்மா ஊன்றுகோல்களோடு வீடு வந்தார். மேசையில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் அண்ணாவின் தட்டுக்குக் கையை நீட்டினார். அண்ணா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மாவின் முகம் சுருங்கியது. நான் என் கைகளின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா குழைத்தார், முள் பார்த்தார், உருட்டினார். முதல் கவளத்தை அம்மாவிடம் நீட்டினார். முப்பது வருடம் தீத்திய அம்மாவுக்கு வாயைத் திறக்கவேண்டும் என்று தோன்றவில்லை. கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா அவசரப்படவில்லை. கையை நீட்டியபடியே காத்திருந்தார்.